புள்ளிமூக்கு வாத்தை அடையாளம் காண்பது எப்படி?

முதலில் அலகைப் பாருங்கள். கறுப்பு அலகின் நுனியில் பளிச்சென்ற மஞ்சள் இருக்கும். அலகு நெற்றியோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாகச் சிவப்புப் புள்ளிகள். ஆணுக்கு இவை பெரிதாக, இனப்பெருக்கக் காலத்தில் புடைத்தும் தெரியும். பெண்ணுக்குச் சிறியவை. இளம் பறவைகளில் தென்படாமலே போகலாம். அதனால் சிவப்பு இல்லை என்பதற்காக வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள். மஞ்சள் நுனிதான் உறுதியான அடையாளம்.

சேற்றில் மேய்ந்தெழுந்த பறவைக்கு அந்த மஞ்சளும் மறைந்திருக்கும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லா வாத்தும் கறுப்புதான். எனவே வெயில் முதுகில் படும்படி நின்று, 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) பைனாகுலரில் பாருங்கள். தொலைவில் அலகு பிடிபடாதபோது, மூடிய இறக்கையின் பின்பகுதியில் உள்ள வெள்ளைப் பட்டையைத் தேடுங்கள். வெளிறிய கழுத்து, செதில் செதிலான பழுப்பு உடல், ஆரஞ்சுச் சிவப்புக் கால்கள் ஆகியவையும் உதவும். பறக்கையில் வெள்ளை ஓரமிட்ட பச்சைப் பட்டை இறக்கையில் மின்னும்.

அதிகம் குழப்புவது பெண் ஊசிவால் வாத்து. அதற்குச் சாம்பல் நிற அலகு, மெலிந்த நீண்ட கழுத்து, கூரிய வால். மஞ்சள் நுனி கிடையாது. அது குளிர்கால விருந்தாளி. புள்ளிமூக்கு வாத்தோ ஆண்டு முழுதும் நம் ஏரி, கண்மாய்களில் வாழ்வது.

இது முழு உடலோடு தண்ணீருக்குள் மூழ்கி இரை தேடும் முங்கு வாத்து அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானம் பார்க்கத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் விதைகளையும் நீர்த்தாவரங்களையும் மேயும். ஆகவே நடு ஏரியை விட்டுவிட்டு, கோரையும் அல்லியும் மண்டிய ஆழமற்ற ஓரங்களைத் துழாவுங்கள். அலைகளற்ற தண்ணீரில் தலைகீழாக நிற்கும் வால்கள் சிறு முக்கோணங்களாகத் தெரியும். எண்ணும்போது ஒரே பார்வையில் முடித்துவிடாதீர்கள். பாதித் தலைகள் தண்ணீருக்குள் இருக்கும், கோரைக்குள்ளும் சில ஒதுங்கியிருக்கும். சற்றுப் பொறுத்து இரண்டு மூன்று முறை எண்ணி, பெரிய எண்ணைக் குறியுங்கள். பகலில் பெரும்பாலும் ஓய்வெடுப்பதால் விடியற்காலையும் மாலையுமே நல்ல நேரம்.

கலைத்தால் தண்ணீர்மேல் ஓடாமல் நேராக மேலெழும். முங்கு வாத்துகள் சற்றுத் தூரம் தண்ணீரை மிதித்து ஓடித்தான் எழும். நிறம் தெரியாதபோதும் இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

கூடு கரையோரப் புல்லுக்குள் தரையிலேயே இருக்கும். நடக்கையில் காலடியிலிருந்து ஒற்றை வாத்து எழும்பினால் தேடிப் பார்க்க வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள். புல்லை விலக்கினால் முட்டைகள் காகத்தின் கண்ணில் பட்டுவிடும்.