நரம்பணு வலையமைப்பில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பைதானில் கட்டிப் பார்ப்போம்

மூளைப் புறணியில் ஒரு நரம்பணுவின் துடிப்புகளைப் பதிவு செய்தால், அவை தூறல் போல ஒழுங்கற்று விழும். இந்த ஒழுங்கின்மையைத்தான் இரைச்சல் என்கிறோம். நரம்பியல் ஆய்வாளர் நிக்கோலா புருனெல் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வலையமைப்பு மாதிரி இதை எளிதாகக் காட்டிவிடுகிறது. பைதானும், நரம்பணுக்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் பிரையன்2 நிரல்தொகுப்பும் போதும்.

முதலில் நரம்பணு. ஓட்டைப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஊற்றுவது சேரும், சேர்ந்தது கசியும். கசிவின் கால மாறிலி 20 மில்லிவினாடி. மின்னழுத்தம் 20 மில்லிவோல்ட்டை எட்டினால் ஒரு துடிப்பு. உடனே 10க்கு இறங்கி 2 மில்லிவினாடி ஓய்வு. மற்றவற்றைத் தூண்டும் நரம்பணுக்கள் 10,000, அடக்கும் நரம்பணுக்கள் 2,500 உருவாக்குங்கள். தொடக்க மின்னழுத்தம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாக இருக்கட்டும்.

அடுத்து இணைப்பு. எந்த இரண்டு நரம்பணுக்களும் இணையும் வாய்ப்பு 0.1, துடிப்பு போய்ச்சேரும் தாமதம் 1.5 மில்லிவினாடி. ஒவ்வொரு நரம்பணுவுக்கும் சுமார் 1,000 தூண்டும் இணைப்புகளும் 250 அடக்கும் இணைப்புகளும் அமையும். மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேல். பழைய கணினி சற்றுத் திணறும். தூண்டும் துடிப்பு 0.1 மில்லிவோல்ட் ஏற்றும். அடக்கும் துடிப்பு அதைப்போல ‘ஜி’ மடங்கு இறக்கும். இங்கே கழித்தல் குறியை விட்டுவிட்டு ஒரு மாலை முழுவதும் வேறெங்கோ பிழை தேடியவன் நான்.

வெளியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 1,000 பாய்சான் உள்ளீடுகள் (ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் துடிப்புகள்), தலா வினாடிக்கு 20 துடிப்பு.

ஜி 3 என்று வைத்து அரை வினாடி ஓட்டி, துடிப்புகளைப் புள்ளிகளாக வரையுங்கள். எல்லாம் சேர்ந்து வெறிபிடித்ததுபோல் துடிக்கும். ஜியை 5 ஆக்கினால் வினாடிக்குச் சுமார் 38 துடிப்பாக அடங்கி, புள்ளிகள் சிதறிவிடும்.

காரணம் எளிய கணக்கு. ஏற்றமும் இறக்கமும் சராசரியில் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. ஜி 4இல் சரிக்குச் சரி. ஆனால் ஏற்ற இறக்கத்தின் மாறுபாடு, அதாவது சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு, கழியாது, கூடும். ஜி 5இல் வலைக்குள்ளிருந்து வரும் மாறுபாடு வெளியிலிருந்து வருவதைப் போலப் பதின்மூன்று மடங்குக்கும் மேல்.

நம்பிக்கை வரவில்லையா? பாய்சான் உள்ளீட்டை எடுத்துவிட்டு, நரம்பணுவின் மின்னழுத்தச் சமன்பாட்டில் 40 மில்லிவோல்ட் என்ற மாறாத தள்ளலைச் சேருங்கள். வெளி இரைச்சல் துளியும் இல்லை. புள்ளிகள் அப்போதும் சிதறியே இருக்கும்.

இப்போது இணைப்பு வாய்ப்பை மட்டும் 0.01 ஆக்குங்கள். அடக்கும் விளைவு வலுவிழந்து, ஒவ்வொரு நரம்பணுவும் வினாடிக்கு எண்பதுக்கு மேல், கிட்டத்தட்டக் கடிகாரம் போலத் துடிக்கத் தொடங்கும்.