அரசியலமைப்புத் தேர்வு வைக்கப் போகிறீர்களா? நான் சறுக்கிய இடங்கள்

நவம்பர் 26 நெருங்கினால் எங்கள் பக்கம் யாராவது வினாத்தாளோடு கிளம்பிவிடுவார்கள். 1949-இல் அந்தத் தேதியில்தான் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டார்கள்; 2015 முதல் அது அரசியலமைப்பு தினம். பள்ளி, நூலகம், மகளிர் குழு என்று எங்கும் ஒரு வினாடி வினா நடக்கும். நானும் ராமநாதபுரம் கரையோரம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று சில வருஷமாக அலைந்தவன்தான். மக்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கப் போய், பல தடவை என் கேள்விகளின் லட்சணத்தை அளந்துகொண்டு திரும்பியிருக்கிறேன். இந்த வருஷம் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எண்ணைக் கேட்பது

பாம்பனில் ஒரு கருவாட்டுத் திடல். வெயிலில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் முதல் கேள்வியை வாசித்தேன்: "இந்திய அரசியலமைப்பில் எத்தனை உறுப்புகள் உள்ளன?" அவர் கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உறுப்பா? எனக்கு முட்டிதான் தம்பி வலிக்குது."

மருத்துவ முகாமிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். தப்பு அவர்மேல் இல்லை. சட்டத் தமிழில் 'உறுப்பு' என்கிறார்கள், பள்ளிப் புத்தகத்தில் 'பிரிவு' என்கிறார்கள், பழைய ஆட்கள் 'ஷரத்து' என்பார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லாமல் கேட்டால் அது தமிழ்ச் சொல்லகராதித் தேர்வாகிவிடும்.

சொல்லைச் சரி செய்தாலும் கேள்வி தேறாது. 1950-இல் 395 பிரிவு, 8 அட்டவணை. இன்றைக்கு அட்டவணை 12. பிரிவுகளின் கடைசி எண் இன்னும் 395-தான். ஆனால் நடுவே 21-ஏ, 51-ஏ, 300-ஏ என்று செருகியவை ஏராளம், எடுத்துப்போட்டவையும் உண்டு. 395 என்றவருக்கும் மார்க் போடலாம், இல்லை என்றவருக்கும் போடலாம். சரியாகச் சொன்னவர் மட்டும் அதை வைத்து என்ன செய்யப்போகிறார்?

தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா கேட்டேன். "அக்கா, ஒருத்தரை போலீஸ் பிடிச்சுட்டுப் போனா எவ்வளவு நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டுபோகணும்?"

"ஒரு நாளைக்குள்ள. வண்டியில போற நேரத்தை அதுல சேக்கக்கூடாதாம். என் கொழுந்தனைப் பிடிச்சப்ப வக்கீல் சொன்னாரு."

இது பிரிவு 22. 24 மணி நேரம், பயண நேரம் நீங்கலாக. சட்டக் கல்லூரி மாணவர்கள்கூடப் பயண நேரத்தை விட்டுவிடுவார்கள். என் வினாத்தாளின்படி இந்த அக்கா வாங்கியிருக்க வேண்டியது பூஜ்யம்.

அன்றிலிருந்து எண் கேட்கும் கேள்விகளை நான் வைப்பதில்லை. எந்தத் தேதி, எந்தப் பிரிவு, வரைவுக் குழுவில் எத்தனை பேர் என்பதெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது. அவர்களைத் தனியாக வைத்துக் கேளுங்கள்.

எல்லையை மறப்பது

அதே கேள்வியைத் தங்கச்சிமடத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். "24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சரியா, தவறா?" ஒரு படகுக்காரர் 'தவறு' என்றார். காரணம் கேட்டேன். நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டு ஊர்காவற்றுறை கோர்ட்டில் நின்ற தன் ஆட்களின் கதையைச் சொன்னார்.

இந்தக் கரையில் கைது என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்கு இலங்கைக் கடற்படைதான் நினைவுக்கு வரும். இந்திய அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு இலங்கைக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. 'இந்தியாவில், நம் போலீஸ்' என்ற மூன்று சொல்லை நான் போட்டிருக்க வேண்டும். குண்டர் சட்டம் மாதிரியான தடுப்புக்காவலுக்கு இந்த 24 மணி நேரக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் விவரம் தெரிந்தவர்தான் தப்பாகப் பதில் சொல்வார், தெரியாதவர் ஜெயித்துவிடுவார்.

விடைத்தாளே தப்பாக இருப்பது

வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "அடிப்படை உரிமைகள் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை" என்று ஒரு வாக்கியம் வைத்தேன். என் விடைத்தாளில் 'சரி'. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் 'தவறு' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்தேன். மறுநாள் புத்தகத்தோடு வந்து நின்றாள். "சார், 14-லயும் 21-லயும் குடிமகன்னு போடலையே."

உண்மைதான். பேச்சுரிமை தரும் 19 குடிமக்களுக்கு மட்டும். 15, 16-உம் அப்படியே. ஆனால் சட்டத்தின் முன் சமம் என்ற 14, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவலான 21 ஆகியவை இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும். அவள் வீடு மண்டபம் அகதிகள் முகாமுக்குப் பக்கத்தில். இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவளுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போகுமா? சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. பக்கத்தில் கையெழுத்துப் போட்டு மார்க்கைக் கூட்டினேன்.

பழைய கைடைப் பார்த்துக் கேள்வி எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அடிப்படை உரிமை ஏழு என்று இன்னும் அச்சடிக்கிறார்கள். 1978-இல் 44-ஆவது திருத்தத்தோடு சொத்துரிமை அந்தப் பட்டியலைவிட்டுப் போய் 300-ஏ ஆகிவிட்டது, இப்போது ஆறுதான். ஓட்டுரிமையும் அடிப்படை உரிமைப் பகுதியில் இல்லை. அது 326-இல் இருக்கிறது. இதை எத்தனையோ ஆசிரியர்கள் என்னிடம் மறுத்திருக்கிறார்கள். விடைத்தாளை வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுப்பது நல்லது.

கேள்விக்குள் பொய்யை வைப்பது

"இந்தியாவின் தேசிய மொழி எது?" அரசியலமைப்பில் அப்படி ஒன்றே கிடையாது. 343-இல் இருப்பது ஒன்றிய அரசின் அலுவல் மொழி. எட்டாவது அட்டவணையில் தமிழோடு சேர்த்து 22 மொழி இருக்கிறது. இல்லாததைக் கேட்டுவிட்டு, பதில் சொல்லாதவருக்கு மார்க்கைக் குறைப்பது என்ன நியாயம்?

"சாதியை ஒழித்த பிரிவு எது?" என்பதும் இதே ரகம். 17-ஆவது பிரிவு ஒழித்தது தீண்டாமையை. சாதி என்ற சொல் 15-இலும் 16-இலும் அப்படியே இருக்கிறது, அதன் பேரால் பாகுபாடு கூடாது என்பதற்காக. இந்தக் கேள்வியைத் தூக்கிப்போட்டுவிட்டு இப்போது இப்படிக் கேட்கிறேன்: "பொதுமக்களுக்கான கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை. இங்கெல்லாம் சாதியைச் சொல்லி ஒருத்தரை வரவேண்டாம் என்று தடுக்கலாமா?" 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் போட்டிருக்கிறது, கடையும் ஓட்டலும்கூட அதில் உண்டு. ஊருணிக் கரையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் வரும் பதிலில் அரசியலமைப்பும் தெரியும், ஊரும் தெரியும்.

கருத்தை அறிவு என்று எண்ணுவது

கச்சத்தீவைப் பற்றி ராமேசுவரத்து டீக்கடையில் கேட்டுவிட்டேன். "கச்சத்தீவைக் கொடுத்தது அரசியலமைப்புப்படி செல்லுமா?" அரை மணி நேரம் சண்டை. டீ ஆறிவிட்டது, தாள் ஒன்றுகூட நிரம்பவில்லை.

அது வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். நம் மண்ணைப் பிற நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதென்றால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960-இல், மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதையொட்டித்தான் ஒன்பதாவது திருத்தம் வந்தது. கச்சத்தீவு ராமநாதபுரம் ஜமீன் சொத்து, ஆகவே நம் மண், திருத்தம் வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வாதம். உரிமை யாருக்கு என்பதே தகராறில் இருந்த தீவு, கொடுத்ததாகவே ஆகாது என்பது டெல்லியின் வாதம். இதில் சரி, தவறு என்று மார்க் போட நான் யார்? "நாட்டின் ஒரு பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசின் உத்தரவு போதுமா, திருத்தம் வேண்டுமா?" என்பதோடு நிறுத்தினால் அது தேர்வு. அதற்குமேல் போனால் டீக்கடை.

இதற்கு நேர்மாறாக, தப்பான பதில் வந்தாலும் லாபம் தருகிற கேள்விகள் உண்டு. "மீன்பிடித் தடைக்காலம் அரசியலமைப்பில் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகைக் கட்டிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கிறது என்பார்கள். அரசு போட்ட எந்த விதியும் அரசியலமைப்புதான் என்ற நினைப்பு. உண்மையில் அங்கே இருப்பது அதிகாரப் பங்கீடு மட்டும். ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 21-ஆவது இனம் (அதாவது வரிசை எண்) மீன்வளம்; கரைக்கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பது ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது இனம். தமிழ்நாட்டின் 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடிச் சட்டம் எல்லாம் இதற்குக் கீழே வந்தவை. இதைச் சொன்னதும் ஒரு பெரியவர், "அதான் கடலுக்குப் போற டோக்கனுக்கு மீன்துறை ஆபீஸு, பிடிபட்டவனை மீட்க டெல்லியாக்கும்" என்றார். ஏழாவது அட்டவணையை இத்தனை சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. (மீட்பது வெளியுறவு விவகாரம், அது வேறு இனம் என்று திருத்த வாயெடுத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.)

ஆமாம் சாமி, தெரியாது சாமி

சரியா தவறா என்று பத்துக் கேள்வி வைத்தால், காசைச் சுண்டிப் பார்த்து எழுதுகிறவரும் சராசரியாக ஐந்து வாங்கிவிடுவார். 'தெரியாது' என்று ஒரு கட்டம் வையுங்கள், அதை டிக் செய்வது குற்றமில்லை என்று வாயால் சொல்லுங்கள். வீடு தேடி வந்தவரிடம் தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இங்கே அதிகம். எதைக் கேட்டாலும் "ஆமாங்க, நீங்க சொன்னா சரிதான்" என்று வரும். அதனால் ஒரே விஷயத்தை ஓரிடத்தில் நேராகவும் இன்னோரிடத்தில் திருப்பியும் கேட்பேன். இரண்டுக்கும் ஆமாம் என்றால் புரிந்துகொள்ளலாம்.

பேர், போன் நம்பர் கேட்கவே கேட்காதீர்கள். ஒரு தடவை கேட்டதற்கு, "கியூ பிராஞ்சா சார்?" என்றார் ஒருவர், உளவுப் போலீஸ் என்று நினைத்து. அதோடு அந்தத் தெருவே மூடிக்கொண்டது.

நாள் பார்ப்பதும் முக்கியம். ராமேசுவரத்தில் வாரத்தில் சில நாள் விசைப்படகு போகும், மற்ற நாளில் நாட்டுப்படகு. விசாரிக்காமல் போனால் ஒரு தரப்பு மட்டும்தான் கிடைக்கும். பாசி எடுக்கும் பெண்களுக்கு நேரம் குறிப்பது கடல். கீழக்கரையில் வெள்ளி மதியமும், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலையும் போய் நிற்காதீர்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), மனைவிக்கு வைத்த எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிவிட்டு, "அவளுக்கும் இதேதான் எழுதிக்கங்க" என்றார். உள்ளேயிருந்து, "கிராம சபைக்குப் போனது நானா அவரா?" என்று சத்தம் வந்தது. கல்யாணத்துக்கு முன் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவராம். இருவருக்கும் தனித்தனித் தாள் போட்டேன்.

ஊர்க் கதையை விட்டுவிடுவது

குடியரசுத் தலைவரின் அதிகாரம் பற்றிய கேள்வி எல்லா வினாத்தாளிலும் வறண்டு கிடக்கும். ராமேசுவரத்தில் அதற்கு அவசியமே இல்லை. "2006-இல் கலாம் ஐயா ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பார்லிமென்ட் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. இப்போது அவர் என்ன செய்யலாம்?" சின்னப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காரும். கலாம் நினைத்தால் கிழித்துப்போடலாம் என்று நிறையப் பேர் ஆசையாகச் சொல்வார்கள். 111-ஆவது பிரிவின்படி இரண்டாம் முறை மறுக்க முடியாது; அவரும் கையெழுத்துப் போட்டார். இதைச் சொல்லும்போது சிலர் முகம் வாடும். ஆனால் மறக்க மாட்டார்கள்.

முடிந்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது கடைசித் தவறு. தப்பு என்று தெரிந்தவருக்குச் சரி எது என்று அங்கேயே தெரிய வேண்டும். எனவே அரைத் தாளில் பெரிய எழுத்தில் விடைகளை அடித்துக் கொடுக்கிறேன். அடியில் இலவசச் சட்ட உதவி எண் 15100. வசதியில்லாதவருக்கு வக்கீல் உதவியை அரசு தரவேண்டும் என்பதும் அரசியலமைப்பில் உள்ளதுதான், 39-ஏ.

போன மாதம் அந்தக் கருவாட்டுத் திடலுக்கு மறுபடி போயிருந்தேன். என் விடைத்தாள்களில் பாதி நெத்திலிப் பொட்டலமாகப் போயிருந்தது. அக்காவின் கொட்டகைத் தூணில் மட்டும் அடிப்பகுதியைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள், 15100 என்ற எண் தெரிகிற மாதிரி.