ஒரு கிளைக்கு மட்டும் வைத்த சேவை எல்லாக் கிளையிலும் தெரிந்தது: என் அனுபவம்

சர்வீஸ்நவ்வில் (ஊழியர்கள் அலுவலகச் சேவைகளைக் கேட்டுக் கோரிக்கை போடும் மென்பொருள்) ஒரு கிளையின் நிதிப் பிரிவுக்கு மட்டும் வைத்திருந்த பிரிண்டர் கோரிக்கை, மற்ற கிளைகளின் நிதிப் பிரிவினருக்கும் தெரிந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் போனது. ஊழியர்களின் லொகேஷன் பதிவை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தேன், யூசர் கிரைட்டீரியாவை, அதாவது எந்தச் சேவை யாருக்குத் தெரிய வேண்டும் என்ற விதியை, தூக்கிவிட்டுப் புதிதாகவும் போட்டேன், பலனில்லை. அட்மின் கணக்கிலேயே சோதித்துக்கொண்டிருந்தது இன்னொரு கூத்து, அட்மினுக்கு எப்படியும் எல்லாம் தெரியும். அப்புறம் சாதாரண ஊழியர்களாக இம்பர்சனேட் செய்து (அவர்கள் கணக்கில் நுழைந்தது போலப் பார்த்து), யாருக்குத் தெரிகிறது என்று வரிசையாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அந்த விதியில் லொகேஷன், டிபார்ட்மென்ட் இரண்டையும் நிரப்பியிருந்தாலும், 'மேட்ச் ஆல்' டிக் இல்லையென்றால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே உள்ளே விட்டுவிடுகிறது. டிக் போட்டேன், சரியாகிவிட்டது. விதிப்படி அனுமதி உள்ள ஆள் 'நாட் அவைலபிள் ஃபார்' (யாருக்குக் காட்டக் கூடாது) பட்டியலிலும் இருந்தால் அதுதான் ஜெயிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.