மொட்டை போடும்போது கத்தி இழுத்தால்

உப்புவெளிக்கு வீடு மாறியதிலிருந்து, இரட்டை விளிம்பு பிளேட் ரேசரால் தலை மழிப்பது பெரும்பாடாகிவிட்டது. பூசிய உடனேயே நுரை வற்றும். பிடரியில் கத்தி இழுக்கும், பிறகு எரியும். பிளேட்டை மாற்றினேன். 30 பாகைச் சாய்வு பிசகாமல், சுழியைச் சுற்றி முடி படிந்த திசையிலேயே மழித்தேன். சவர்க்காரத்தைக் கூட்டினேன், பசையாகத் திரண்டதுதான் மிச்சம்.

துப்புக் கொடுத்தது கிண்ணம். காய்ந்ததும் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பிசுக்கு வளையம். தேத்தண்ணிக் கேத்தலின் அடியிலும் வெள்ளைப் படிவு. கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். நுரைக்கு எதுவும் மிஞ்சாது.

சரி என்று, குடிக்க வாங்கும் ஃபில்டர் தண்ணீரில் குழைத்தேன். பாதிதான் சரிவந்தது. பிரஷ் ஊறியது கிணற்றுத் தண்ணீரில் அல்லவா, அதன் மயிருக்குள் தேங்கியதே கெடுக்கப் போதும்! பிரஷையும் ஃபில்டர் தண்ணீரில் ஊறப்போட்டதும் நுரை கட்டித் தயிராக நின்றது. காதுக்குப் பின்னால்கூடக் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. அப்பாடா!

அரைக் கோப்பை போதும். ரேசரை அலசவும் தலை கழுவவும் கிணற்றுத் தண்ணீரே. பிரஷை மட்டும் கடைசியில் ஃபில்டர் தண்ணீரில் அலசி உதறி வைக்கிறேன்.