ஜிபிஎஸ் ஸ்வாப்: பொய்யான 'நெகட்டிவ்' எப்படி உருவாகிறது?

லேபர் ரூமுக்குப் புதிதாக வருபவர்கள் கையுறை, லேபிள் விஷயத்தில் கவனமாகவே இருக்கிறார்கள். சறுக்குவது வேறு இடங்களில். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அதாவது ஜிபிஎஸ் என்ற பாக்டீரியா, கர்ப்பிணிகளில் 10 முதல் 30 சதவீதம் பேரிடம் எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கும். பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றினால் முதல் நாளிலேயே ரத்தத் தொற்று, நிமோனியா, சில சமயம் மூளைக்காய்ச்சல். அதனால்தான் முன்பே ஸ்வாபில், அதாவது பஞ்சு முனைக் குச்சியில், மாதிரி எடுத்து, பாசிட்டிவ் என்றால் பிரசவத்தின்போது பெனிசிலின் போடுகிறோம்.

மேலே மட்டும் ஸ்வாப் எடுப்பது

இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். வெள்ளைப்படுதலுக்கு எடுத்துப் பழகிய கை, ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) போட்டு கர்ப்பப்பை வாய்க்கு அருகே துடைத்து அனுப்பிவிடுகிறது. ஜிபிஎஸ் குடியிருப்பது குடலில். யோனியின் கீழ்ப்பகுதிக்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஸ்பெகுலம் வேண்டாம். 36 வாரம் முதல் 37 வாரம் 6 நாளுக்குள், முதலில் யோனியின் கீழ்ப்பகுதியில் ஸ்வாபைச் சுழற்றுங்கள். பிறகு அதையே ஆசனவாய்ச் சுருக்குத்தசையைத் தாண்டி உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். வெளித்தோலில் தடவினால் போதாது. கூச்சப்படும் தாய்க்கு விளக்கிச் சொன்னால் அவரே எடுத்துத் தரலாம்.

உலர்ந்த குழாயில் அனுப்பாமல் கிருமியை லேப் வரை உயிரோடு வைத்திருக்கும் ஏமிஸ் போன்ற டிரான்ஸ்போர்ட் மீடியத்தில் போடுங்கள். படிவத்தில் 'ஜிபிஎஸ் ஸ்கிரீனிங்' என்று எழுதாவிட்டால் லேபில் சாதாரண கல்ச்சராக நேரே பிளட் அகார் என்ற வளர்ப்புத் தட்டில் (பிளேட்) போட்டுவிடுவார்கள். ஜிபிஎஸ்ஸைப் பெருக்கும் திரவமான லிம் பிராத்தில் 18 முதல் 24 மணி நேரம் வளர்த்த பிறகே பிளேட்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பாசிட்டிவ்களில் பாதி வரை நழுவும். பெனிசிலின் அலர்ஜி இருந்தால் அதையும் எழுதுங்கள், கிளிண்டாமைசின் வேலை செய்யுமா என்று பார்த்துச் சொல்வார்கள்.

ஸ்வாபே எடுக்காத தாய்க்குப் பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகிவிட்டால், அதை வைத்தே பெனிசிலின் தொடங்குவோம். கேஸ் ஷீட்டில் 'நெகட்டிவ்' இருந்தால் அதே 18 மணி நேரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. மறுநாள் குழந்தை முனகுகிறது, மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டுகிறது. தப்பாக எடுத்த ஸ்வாப், எடுக்காததைவிட மோசம்.

மாத்திரை கொடுத்து முன்கூட்டியே 'சுத்தம்' செய்வது

வீண். பிரசவத்துக்குள் கிருமி திரும்பிவிடும். சிறுநீரில் ஜிபிஎஸ் வந்தால் மட்டும் கதை வேறு: மில்லிக்கு 1 லட்சம் கிருமி அல்லது அதற்கு மேல் என்றால் அப்போதே சிகிச்சை. எண்ணிக்கை எதுவானாலும் பிரசவத்தில் பெனிசிலின் உண்டு, ஸ்வாப் தேவையில்லை.

முதல் டோஸைத் தள்ளிப்போடுவது

பெனிசிலின் ஜி 50 லட்சம் யூனிட் ரத்தநாளம் வழியே. பின்பு குழந்தை பிறக்கும் வரை 4 மணிக்கொருமுறை 25 முதல் 30 லட்சம். குழந்தை பிறக்கக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே முதல் டோஸ் போயிருக்க வேண்டும். 'வலி நன்றாக வரட்டும்' என்று காத்திருந்தால் அந்த நேரம் கிடைக்காது. தாமதமாக வந்தவருக்கும் போடுங்கள். போட்ட நேரத்தைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிசேரியன்தானே என்று ஸ்வாபை விடுவது

குறித்த தேதிக்கு முன்பே வலி வரலாம். எடுங்கள்.

பழைய ரிப்போர்ட்

5 வாரம்தான் செல்லும்.

மருந்து போட்டாயிற்று என்று எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது

பிறந்து 7 முதல் 89 நாள் வரை வரும் தொற்றை இந்த மருந்து தடுக்காது. பால் குடிக்க மறுத்தாலோ, முனகினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ விடியும்வரை காத்திராமல் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.