ஹார்ட் டிஸ்க்கின் மேல் பழி போடுவதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காள் வீட்டுக் கூடத்தில் பல்லி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தத் திசையிலிருந்து என்று காதைத் தீட்டியபடி அக்காள் பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். சொன்னது பல்லியல்ல. அவர் மகன் முந்தின இரவு பாகம் பாகமாகப் பொருத்தி முடித்த கணினிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க். டிக், டிக், டிக் என்று மூன்று முறை அடிக்கும்; சுழற்சி அடங்கும்; மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

"டிஸ்க் செத்துவிட்டது மாமா, திருப்பி அனுப்பப் போகிறேன்" என்றான். பெட்டியில் வைத்து ஒட்டுவதற்கு டேப்பைக்கூட எடுத்து வைத்திருந்தான்.

எனக்குத் தொழில் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர், வேலை. கணினி பார்ப்பது பழக்கத்தில் வந்தது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யார் வீட்டுக் கணினி முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதிதாகப் பொருத்திய கணினியில் டிஸ்க் தகராறு செய்தால், டிஸ்க்கைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். புது டிஸ்க் கெடவே கெடாது என்பதல்ல. தயாரிப்பிலேயே குறை உள்ளவை முதல் சில வாரங்களில் விழுந்துவிடுவது உண்டு. ஆனால் டிஸ்க் ஆலையில் சோதித்து அனுப்பப்பட்டது. அதைச் சுற்றியுள்ள ஒவ்வோர் இணைப்பும் நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில் நாம் சொருகியது.

டிக் டிக் ஓசையையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் தலை தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் வருவது அது. தலை பழுதானாலும் அப்படித்தான் அடிக்கும். மோட்டாருக்குப் போதிய மின்சாரம் வராமல் தட்டு வேகம் பிடிக்காவிட்டாலும் அப்படித்தான் அடிக்கும். இவன் ஒரே ஒயரைக் கிளை பிரிக்கும் மலிவான இணைப்பு ஒன்றை மாட்டி, அதன் கடைசி முனையில் டிஸ்க்கைச் சொருகியிருந்தான். அதைக் கழற்றிவிட்டுப் பவர் சப்ளையிலிருந்து வரும் கேபிளை நேராகக் கொடுக்கச் சொன்னேன்.

அப்போதுதான் என் அடிவயிறு கலங்கியது. அந்தக் கேபிள் எட்டவில்லை என்று, பழைய கணினியின் பவர் சப்ளையோடு வந்த நீளமான கேபிள் ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து மாட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். புதிதாகக் கணினி பொருத்துபவர்கள் செய்யும் தவறுகளில் இதைவிடக் கொடியது கிடையாது. டிஸ்க்கில் சொருகும் பதினைந்து கால் முனை எல்லாக் கேபிளிலும் ஒன்றுதான், அது பொதுத்தரம். மறுமுனை, அதாவது பவர் சப்ளையின் பெட்டியில் சொருகும் முனைக்கு அப்படிப் பொதுத்தரம் எதுவும் இல்லை. எந்தக் காலில் 12 வோல்ட், எந்தக் காலில் 5 வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறலாம். முனை பல நேரம் கச்சிதமாகப் பொருந்தும், ஏமாற்றுவதும் அதுதான். மேசைக் கணினி டிஸ்க்கில் மோட்டாருக்கு 12 வோல்ட், மின்னணுப் பலகைக்கு 5 வோல்ட். இடம் மாறிப் பலகைக்குள் 12 வோல்ட் நுழைந்தால், சுவிட்சைத் தட்டிய கணமே ஒரு வாடை வரும். கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க் ஒன்று அப்படிப் போனதை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். பவர் சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். பின்பக்கம் அழகாகக் கட்டி வைத்தாயிற்றே என்று பழையதை விட்டுவைக்காதீர்கள்.

அடுத்த சந்தேகம் டேட்டா கேபிள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் இந்தச் சாட்டா கேபிளின் நுனியில் சின்ன உலோக நாக்கு ஒன்று இருக்கும். சொருகும்போது அது 'க்ளிக்' என்று விழ வேண்டும். நாக்கு இல்லாத கேபிள், பெட்டியின் மூடி இடித்து வளைந்த கேபிள், இவை டிஸ்க்கை ஒரு நாள் காட்டும், ஒரு நாள் மறைக்கும். குற்றம் யாருடையது என்பதை டிஸ்க்கே குறித்து வைத்திருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சி7 என்ற வரியைப் பாருங்கள். அங்கே எண் ஏறியிருந்தால் தரவு வரும் வழியில் சிதைந்திருக்கிறது. பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. குறையவில்லையே என்று பதறுகிறார்கள்; மேலும் ஏறாமல் நின்றால் போதும். 05, சி5, சி6 வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால்தான் தட்டில் கோளாறு. இன்னொன்று: அந்த மென்பொருள் இயல்பாகப் பதினாறடிமான முறையில் காட்டும். '10' என்று இருந்தால் அது பதினாறு.

டிஸ்க் கண்ணிலேயே படவில்லை என்றால்? புத்தம் புதிய டிஸ்க் விண்டோஸில் தானாகத் தோன்றாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற விண்டோஸ் கருவியில் போய்த் தொடக்கி வைக்க வேண்டும். அங்கே பகிர்வு முறையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையான எம்பிஆர் என்று கொடுத்துவிட்டு, 4 டெராபைட்டில் 2 டெராபைட்தான் கிடைக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டிய டிஸ்க்குக்குத் தொடக்கி வைக்கவா என்ற கேள்வி வந்தால், சரி என்று அழுத்திவிடாதீர்கள். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பகிர்வு அட்டவணையைப் புதிதாக எழுதிவிடும். இன்னொரு வாய்ப்பும் உண்டு: சில மதர்போர்டுகளில் எம்.2 என்ற துளையில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத டிஸ்க்) மாட்டினால் ஓரிரு சாட்டா துளைகள் தாமாக அணைந்துவிடும். கையேட்டில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். வேறு துளையில் மாட்டிப் பார்த்தால் முடிந்தது. கோப்புகள் காரணமின்றிக் கெட்டுக்கொண்டே இருந்தால் நினைவகத்தையும் (ரேம்) மெம்டெஸ்ட் என்ற மென்பொருளைப் போட்டுச் சோதியுங்கள். ரேம் செய்யும் திருட்டுக்கு டிஸ்க் அடி வாங்குவது புதிதல்ல.

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க்தான் குற்றவாளி என்றால், அங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். முதல் வேலையாகச் செக்டிஸ்க்கை ஓட்டுவார்கள். அது பழுது பார்க்கும் கருவி என்று பெயர். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து, கோப்பு அமைப்பிலும் கை வைக்கும். நோயாளியை மலையேறச் சொல்லிச் சோதிப்பது போலத்தான். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதுவும் தடுமாறினால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். உறைபெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் பிழைக்கும் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம் ஊர் ஈரக் காற்றில், வெளியே எடுத்த நிமிடமே குளிர்ந்த டிஸ்க் வியர்த்துவிடும். தட்டுக்கும் தலைக்கும் இடைவெளி தலைமுடித் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அங்கே நீர்த்துளி என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஓடும் கணினியைச் சோதனைக்காகத் தூக்கிச் சாய்ப்பதும் அதே காரணத்தால் கூடாது.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்லவா வேண்டும்? மதியம் மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் இணையக் கேபிளையும் உருவிவிடுங்கள். பழைய லயத்து வீடுகளில் நிலக்கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று ஒயர்மேனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காள் மகனின் டிஸ்க் நேர்க் கேபிளில் ஓசையில்லாமல் ஓடத் தொடங்கியது. ஒட்டு டேப் திரும்பவும் மேசை இழுப்பறைக்குள் போனது. உங்களுடையது உண்மையிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதாக இருந்தால், அதன் மேலுள்ள ஒட்டியைக் கிழிக்காதீர்கள், வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ரசீதைத் தாளில் வைத்திருங்கள். ரசீதைப் படம் பிடித்து, அதே டிஸ்க்கில் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்த ஒருவர் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்.