ரேங்க் கார்டில் ரேங்க் இல்லை: பெற்றோருக்கு விளக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

"மொட்டுன்னா பாஸுங்களா, பெயிலுங்களா டீச்சர்?"

கேட்டவர் மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா. பனியன் கம்பெனியில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்கு முன் பத்து நிமிடம் நான்தான் பேசியிருந்தேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் வரவேண்டும் என்று 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியாக ஏறும் மூன்று நிலைகள், அடைவுநிலை, கற்றல் விளைவுகள் என்று பயிற்சியில் எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

அவர் மேல் தப்பில்லை. அவர் படித்த காலத்தில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தால் பெயில், ஒற்றை இலக்க ரேங்க் என்றால் கெட்டிக்காரப் பிள்ளை. ரேங்க் போய் இத்தனை வருடம் ஆகியும் ஊரில் அந்த அட்டைக்குப் பெயர் ரேங்க் கார்டுதான். முன்னேற்ற அறிக்கை என்று நாம் மட்டும் சொல்லிக்கொள்கிறோம். புது முறையின் பெயர்களைச் சொன்னாலே விளக்கியதாகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுதான்.

வேறு வழியில்லாமல் பையனையே கூப்பிட்டேன். பாடப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். 'மரம்', 'படகு', 'பாடம்' என்று சொற்களைத் தடையில்லாமல் படித்தான். 'தென்னை' வந்ததும் விரல் நின்றது. 'தெ... ன்... னை' என்று கூட்டினான். முழு வரி வந்தபோது நான்காவது சொல்லுக்குள் முதல் சொல்லை மறந்துவிட்டான். அம்மாவிடம் சொன்னேன்: "வார்த்தை படிச்சுடறானுங்க. வரியாக் கோத்துப் படிக்க இன்னும் வரலை. அதுக்குத்தான் மொட்டுன்னு பேரு." அவர் முகம் தெளிந்தது. அடுத்து அவர் கேட்டது: "அப்ப வீட்டுல நாங்க என்ன பண்ணோணும்?" பத்து நிமிடப் பேச்சில் வராத கேள்வி, ஒரு பக்க வாசிப்பில் வந்துவிட்டது. அதே பையன் கணக்கில் மலர். தமிழில் ஒரு நிலை, கணக்கில் வேறு நிலை இருக்கலாம் என்பதையும் அப்போதுதான் சொல்ல முடிந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் குழம்பித்தான் போயிருப்பார்.

வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு விஷயத்திலும் இதே கதைதான். 2012-13இல் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறை வந்தபோது, ஒரு பருவத்தின் 100 மதிப்பெண்ணில் 40 வளரறிக்கு, 60 தொகுத்தறிக்கு என்று பிரித்தார்கள். அந்த 40இலும் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. பெற்றோரிடம் இந்த இரண்டு சொற்களையும் சொல்லவே வேண்டாம். "பருவம் பூரா வகுப்புல செஞ்சதுக்கு நாப்பது, பருவக் கடைசிப் பரீட்சைக்கு அறுபது" என்றால் போதும். கூடவே பிள்ளை செய்த ஒரு சார்ட்டையோ, எழுதிய ஒரு சிறு தேர்வுத் தாளையோ கையில் கொடுங்கள்.

பழைய அளவுகோலை எடுத்து வைக்காமல் விடுவது

இந்தத் தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. அக்கா மகன் பிளஸ் டூவில் 548 எடுத்தான். வந்தவர்களுக்கெல்லாம் அவன் அம்மிச்சி, அதாவது எங்கள் அம்மா, சொன்னது: "அவன் சித்தி அந்தக் காலத்துலயே ஆயிரத்துத் தொண்ணூத்தாறு. இவன் அதுல பாதிதான்." அந்தச் சித்தி நான்தான். என் 1096 மொத்தம் 1200க்கு, அவனுடைய 548 மொத்தம் 600க்கு. இரண்டும் ஒன்றுதான், ஒரு மார்க்கூட வித்தியாசமில்லை. ஆசிரியை என்று பெயர் வைத்துக்கொண்டு இதை அம்மாவுக்கு விளக்க எனக்கு மூன்று நாள் ஆனது. பையன் அந்த மூன்று நாளும் மாடியை விட்டு இறங்கவில்லை.

அளவுகோல் மாறும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால் வீட்டில் இதுதான் நடக்கும். பாடத்துக்கு 200 என்பது 100 ஆனதை, மொத்தம் 600 ஆனதை ஒரு வரியில் அட்டையிலேயே எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"இனிமே இப்படித்தான்" என்று சொல்வது

பிளஸ் ஒன் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத் தேர்வு வந்தது. பதினொன்றில் 600, பன்னிரண்டில் 600, இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு என்று கூட்டம் போட்டுச் சொன்னோம். 2018இலேயே, உயர்கல்விக்குப் பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று அறிவிப்பு வந்தது. மறுபடி கூட்டம். 2021இல் கொரோனாவால் தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு எடுத்துப் பிளஸ் டூ மதிப்பெண் போட்டார்கள். "பதினொண்ணு கணக்குல வராது" என்று நாம் உறுதி சொன்ன பெற்றோர் நம்மைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வே இல்லை என்றானது.

அதனால் "உங்க பிள்ளை எழுதப்போற இந்த வருஷத்துக்கு விதி இது" என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்த வருடத்துக்கு ஜாமீன் நிற்க நாம் யார்?

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பொதுத் தேர்வு இல்லை என்பதை நல்ல செய்தியாக மட்டும் சொல்லி முடிப்பது. "பப்ளிக் இல்லைங்க, டென்ஷன் வேண்டாம்" என்ற வாக்கியம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் "பதினொண்ணு படிக்க வேண்டாம்" என்று மாறிவிடுகிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது. இதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

தேர்ச்சி விதியை அரைகுறையாகச் சொல்வது

"முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்" என்று எல்லோரும் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். ஒரு பெண் எழுத்துத் தேர்வில் 18, செய்முறையில் முழு 25 எடுத்தாள். கூட்டினால் 43. ஆனால் தேர்ச்சி இல்லை. அவள் அப்பா மொபைலை நீட்டி, "நாப்பத்தி மூணுக்கு எப்படிங்க பெயில்?" என்று கேட்டபோது, பள்ளியில் யாரோ வேண்டுமென்றே மாற்றிவிட்டார்கள் என்றே நம்பினார். விதியை ஜூனிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெண் செய்முறை மார்க்கை நம்பி எழுத்துத் தேர்வில் அசந்திருக்க மாட்டாள். பிளஸ் டூவிலும் செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வின் 70க்குக் குறைந்தது 15 வேண்டும். மொத்தம் 35 இருந்தால் மட்டும் போதாது.

ஏ1 எல்லாம் ஒரே ஏ1 என்று விடுவது

மாநிலப் பாடத்திட்டத்தின் முப்பருவ அட்டையில் 91 முதல் 100 வரை ஏ1. யார் எடுத்தாலும் அதே எல்லை. சிபிஎஸ்இ பொதுத் தேர்வில் அப்படியில்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்கினருக்கு ஏ2 என்று போகும். அதனால் ஒரே 91 ஒரு பாடத்தில் ஏ1 ஆகவும் இன்னொன்றில் ஏ2 ஆகவும் வரலாம். சித்தப்பா வீட்டுப் பிள்ளையின் சிபிஎஸ்இ கிரேடையும் நம் பிள்ளையின் கிரேடையும் பொங்கலுக்குக் கூடும்போது ஒப்பிடுவார்கள், நாம் தடுக்க முடியாது. இரண்டும் வெவ்வேறு தராசு என்றாவது சொல்லி அனுப்பலாம். 2026 முதல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு இரண்டு தேர்வு என்பதையும் பலர், பிப்ரவரியில் எழுதாமல் மே மாதம் எழுதிக்கொள்ளலாம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். முதல் தேர்வு கட்டாயம். இரண்டாவது, அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள.

சின்னதாகத் தெரிகிற சில

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். ரேங்க் வேண்டாம் என்று பள்ளியில் எடுத்துவிட்டு, குழுவில் போட்டால் பத்து நிமிடத்தில் யாராவது எண்ணி ரேங்க் போட்டுவிடுவார்கள்.

குறிப்புக் கட்டத்தில் 'நன்று', 'முயற்சி தேவை' என்று எழுதுவது நமக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். 'கழித்தலில் கடன் வாங்கும்போது தடுமாறுகிறாள்' என்று எழுதினால் வீட்டில் அண்ணனாவது உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் அந்த வரியை வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். கைநாட்டு வைப்பவரிடம் அட்டையைத் திருப்பிக்கூடக் காட்டாமல் மை டப்பாவை நீட்டுவதை நானே செய்திருக்கிறேன்.

அந்த மொட்டுப் பையனின் அம்மா டிசம்பரில் மறுபடி வந்தார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, பையனைப் படிக்க வைத்தேன். இரண்டு வரி நிற்காமல் வந்தது. அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அதெல்லாஞ் சரிங்க டீச்சர், எத்தனாவது ரேங்க்குங்க?"